அழகர் பிந்தி வருகிறார்

(சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு, மதுரை மாசி வீதியில் நடந்த மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் தூணில் சாய்ந்து நிற்கிற பிள்ளைகளே, முன்வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். நான் கேள்வி கேட்கிற வாத்தியார் வேலையை விட்டு நாளாகிவிட்டது.

ஆனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். நாம் உட்கார்ந்திருப்பது மாசி வீதியில். சில வாரங்களுக்கு முன்னால் இந்த வாசலைத் தாண்டித்தான் சுவாமி தேரும் அம்மன் தேரும் போயின. வாசற்படியில் சிதறிய தேங்காய் ஓடு ஒன்றிரண்டு இன்னும் சாக்கடை ஓரத்தில் கிடக்கிறது. ஓடியது சித்திரைத் தேர். கோயிலை ஒட்டியே சித்திரை வீதி என்று நான்கு வீதிகள் இருக்கின்றன. அதை விட்டுவிட்டுச் சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?

அம்மனுக்குக் கல்யாணம் ஒரு காலத்தில் மாசி மாதத்தில்தான் நடந்தது. மாசித் தேர் ஓடிய வீதி மாசி வீதி. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அந்தக் கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது மதுரை மரபு. மாதத்தை மாற்ற முடிந்தது. அகலமான வீதியை மாற்ற முடியுமா? தேர் பழைய வழியிலேயே போகிறது. ராஜா மாற்றியதை நாம் மறந்தாலும் வீதியின் பெயர் மறக்கவில்லை.

அதே போலத்தான் அழகர். இங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வடக்கே, திருமாலிருஞ்சோலை மலையடிவாரத்தில் இருப்பவர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பெருமாள். அவரும் சித்திரையில் வைகைக்கு வந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் மதுரைக்கு வரவில்லை. சோழவந்தான் பக்கத்துத் தேனூருக்குப் போனார். தவளையாய்க் கிடந்த மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்கப் போனார். அந்த வழியையும் நாயக்கர் காலத்தில் மதுரைப் பக்கம் திருப்பி, வண்டியூரில் ஒரு மண்டபத்தை எழுப்பி, அதற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயரும் வைத்தார்கள். மண்டூக முனிவர் இன்றைக்கும் அங்கேதான் சாப விமோசனம் பெறுகிறார். தேனூர்க்காரர்களுக்கு அங்கே இன்றும் உரிமை உண்டு. சுவாமியைத் திருப்பிக்கொண்டாலும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாகரிகத்தை நான் மெச்சுகிறேன்.

ஏன் இப்படிச் செய்தார் நாயக்கர்? பெரிய தேரைச் செய்துவிட்டார், இழுக்க ஆள் போதவில்லை, மாசியில் குடியானவனுக்கு அறுவடை வேலை என்கிறார்கள். சைவத்தையும் வைணவத்தையும் இணைத்தார் என்கிறார்கள். கூட்டம் கூடினால் சந்தை கூடும் என்கிறார்கள். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ராஜாக்கள் ஒரு காரணத்துக்காக மட்டும் எதையும் செய்து நான் படித்ததில்லை.

ஆனால் அவரால் முடிந்தது இவ்வளவுதான்: தேதியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கோயில் ஏட்டின்படி பார்த்தால் இவை இன்றைக்கும் இரண்டு தனித்தனி விழாக்கள். இரண்டு தொடக்கம், இரண்டு ஆகமம், இரண்டு நிர்வாகம். மீனாட்சி கல்யாணம் முடிந்து மறுநாள் தேர். அதற்குப் பிறகு ஒரு விடியலில், சித்ரா பௌர்ணமியன்று, அழகர் ஆற்றில் இறங்குகிறார். தங்கை என்று ஊர் சொல்லும் மீனாட்சி வீட்டு வாசலை அவர் மிதிப்பதே இல்லை. அம்மனும் ஆற்றுக்கு வருவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே கிடையாது.

இப்படி ஒட்டாமல் கிடந்த இரண்டையும் தைத்து ஒன்றாக்கியது யார்? பெயர் தெரியாத நம் பாட்டிமார்கள்.

கதை உங்களுக்கே தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு மலையிலிருந்து அண்ணன் கிளம்புகிறார். வழியெல்லாம் ஆள் மறிக்கிறார்கள், மண்டகப்படி, மண்டகப்படி என்று நிறுத்துகிறார்கள். ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று சேதி வருகிறது. அண்ணனுக்குக் கோபம். ஊருக்குள் வரமாட்டேன் என்று ஆற்றிலேயே இறங்கி வண்டியூருக்குப் போய்விடுகிறார். அங்கே துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்குகிறார் என்று ஒரு பேச்சும் உண்டு. தலபுராணத்தைப் புரட்டினால் இதில் ஒரு வரியும் கிடைக்காது. தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றி ஆய்வு செய்து எழுதிய நூலில் வழக்காறுகளுக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்த பிறகுதான், இதையெல்லாம் 'சும்மா கதை' என்று சொல்லும் பழக்கத்தை நான் விட்டேன்.

இன்னொரு வேடிக்கை. கல்யாண மேடையில் தாரை வார்த்துக் கொடுக்க ஓர் அண்ணன் ஏற்கெனவே வந்திருக்கிறார். திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். நேரத்துக்கு வந்து, கடமையைச் செய்து, ஒழுங்காகத் திரும்பிப் போகிறவர் அவர். மதுரைக்காரன் அவரைப் பற்றி ஒரு கதையாவது கட்டினானா? பாவம், நேரத்துக்கு வந்த மனிதரை யார் நினைக்கிறார்கள்! பிந்தி வந்த அண்ணனுக்குத்தான் ஊரே திரண்டு நிற்கிறது.

என் அக்கா கல்யாணத்தில் பெரியப்பா பிந்தி வந்தார். பஸ் கிடைக்கவில்லை. முகூர்த்தம் முடிந்துபோயிருந்தது. தனக்காகக் காத்திருக்கவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார், படியேறி உள்ளே வரமாட்டேன் என்றார். அப்பா போய்க் கூப்பிட்டார், மசியவில்லை. என் அம்மா ஒன்றும் பேசவில்லை. தலைவாழை இலையைத் திண்ணைக்கே எடுத்துக்கொண்டு போனாள், தண்ணீர் தெளித்து இலையைப் போட்டாள், பரிமாறினாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாலையோடு திண்ணைக்கே வரச்சொன்னாள். அரைமணியில் பாதிக் கல்யாணக் கூட்டம் வாசலில் இருந்தது. உள்ளே நாதஸ்வரக்காரர் காலிப் பந்தலுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

மதுரை வருஷா வருஷம் செய்வது என் அம்மா செய்த காரியம்தான். அவர் உள்ளே வரமாட்டேன் என்கிறார். சரி, ஊர் வெளியே போகிறது. மூன்றுமாவடியில் எதிர்சேவை என்று கூடுகிறோமே, அந்தச் சொல்லை ஒரு நிமிஷம் கவனியுங்கள். சேவை என்றால் தரிசனம். எதிர்சேவை என்றால் எதிர்கொண்டு போய்ப் பார்ப்பது. கோயிலில் கதவு திறக்கும்வரை நாம் காத்து நிற்கிறோம், அது வேறு. ரோட்டில், ஊர் எல்லையில், வருகிற விருந்தாளியை முன்போய் அழைப்பது இது. கோயிலில் நாம் விருந்தாளி. சித்திரையில் அவர் விருந்தாளி, நாம் வீட்டுக்காரர். மலையிலிருந்து ஆறு வரை நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் அவர் நிற்கிறார் என்றால், அத்தனை வீட்டுக்காரர்கள் என்று அர்த்தம். பூக்கடைக்காரர், அரிசி மண்டிக்காரர், ஒரு தெருக்காரர்கள், ஒரு சாதிக்காரர்கள், ஓர் ஆபீஸ்காரர்கள்.

எங்கள் மண்டகப்படி என்று சொல்லும் குரலில் இருக்கிற பெருமிதத்தைக் கேளுங்கள். நின்றது இரண்டு நிமிஷம். தீபாராதனை, கோவிந்தா, கிளம்பிவிட்டார். அந்த இரண்டு நிமிஷத்துக்காக இரண்டு மாதம் பணம் பிரித்து, பந்தல் போட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, நீர்மோரும் பானகமும் கரைத்து வைத்திருப்பார்கள். வந்த கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது, டம்ளர் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும்.

இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று போன வருஷம் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். கூட்டம், மைக்செட், பலூன், அன்னதானம், போலீஸ், எல்லாம் இருக்கிறது, ஆன்மிகம் எங்கே? நியாயமான கேள்வி. தனியாக உட்கார்ந்து கண்ணை மூடினால்தான் ஆன்மிகம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பதில் சொல்ல ஒரு பெரியவரை அழைத்துவருகிறேன்.

பிள்ளை லோகாசாரியர். ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் செய்த ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவன் இருக்கும் ஐந்து நிலைகளையும் தண்ணீரை வைத்தே விளக்குகிறார். தாகத்தில் ஒருவன் தவிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பரமபதத்தில் இருக்கிறானே பரம்பொருள், அவன் அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்திருக்கிற நீர் மாதிரி. இருக்கிறது என்று கேள்விப்படலாம். பாற்கடலில் பள்ளிகொண்டவன் அந்தப் பாற்கடல் மாதிரியே, நமக்கு எட்டாத தூரம். ராமனும் கிருஷ்ணனுமாக வந்தானே, அது ஆற்றில் பெருக்கெடுத்த வெள்ளம். அன்றைக்குக் கரையில் இருந்தவர்கள் குடித்தார்கள், நாம் வந்தபோது வற்றிவிட்டது. எல்லா உயிருக்குள்ளும் அந்தர்யாமியாக இருக்கிறானே, அது பூமிக்குள் ஓடும் நீர். காலடியிலேயே இருக்கிறது, ஆனால் தோண்ட வேண்டும், மண்வெட்டி வேண்டும், தெம்பு வேண்டும். ஐந்தாவதாகக் கோயிலில் திருமேனி கொண்டு நிற்கிறானே அர்ச்சாவதாரம், அது வெள்ளம் வடிந்த ஆற்றில் தேங்கி நிற்கிற மடு. குனிந்தால் போதும், கையால் அள்ளிக் குடிக்கலாம்.

இந்த உவமை மதுரைக்காரனுக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்? நமக்குத்தான் வைகை இருக்கிறதே! நான் சிறுவனாக இருந்தபோது சித்திரை வைகை வெறும் மணல். பெண்கள் குடத்தோடு வந்து உட்கார்ந்து கையால் ஊற்றுத் தோண்டுவார்கள். முழங்கை ஆழத்தில் ஈரம் வரும், அப்புறம் கலங்கலாய்க் கொஞ்சம், அது தெளியக் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம். கண்ணை மூடி உள்ளே தேடுவது அந்த ஊற்று. முடிந்தவர்கள் தோண்டட்டும். ஆச்சாரியார் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நாக்கு வறண்டு வந்தவனிடம் மண்வெட்டியைக் கொடுக்காதே என்கிறார், அவ்வளவுதான். அதிலும் நம் அழகர் ஒரு படி மேலே. மடு இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டியதில்லை, மடுவே பல்லக்கில் ஏறி வருகிறது. சௌலப்யம் என்று வைணவர்கள் சொல்லும் எளிமைக் குணத்துக்கு இதைவிட வெளிச்சமான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை அவர் மடத்தில் உட்கார்ந்து எழுதியதோடு நிற்கவில்லை. 1323-ஐ ஒட்டி டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, அந்த ஊர் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தவர்களில் அந்த முதியவரும் ஒருவர். நடந்த களைப்பில், ஜோதிஷ்குடி என்ற இடத்தில் அவர் உயிர் பிரிந்தது என்கிறது குருபரம்பரை. அந்த ஜோதிஷ்குடி, நம் யானைமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கொடிக்குளம்தான் என்பார்கள். பிறகு நம்பெருமாள் அழகர் கோயிலிலும் கொஞ்ச காலம் மறைந்து தங்கினார். தெய்வத்தோடு ரோட்டில் நடப்பது என்றால் என்ன என்று காலால் அறிந்த மனிதர் நம் ஊர் ஓரத்தில் படுத்திருக்கிறார். அழகர் வருகிற வழியிலிருந்து கொடிக்குளம் அதிக தூரமில்லை. எதிர்சேவைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போடுகிறோம்?

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களை விட்டுவிடக் கூடாது. தலையில் உருமால், இடுப்பில் சல்லடம், தோளில் ஆட்டுத்தோல் பை. வெயிலில் வந்த அழகருக்குச் சூடு தணிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு விரதம் இருந்து வருகிறவர்கள். தோல்பையின் சிறிய குழாய் வழியே நீர் நூலாக எழும்பி வளைந்து விழும். இப்போது விசைப் பம்பு கட்டி அடிக்கிறவர்கள் வந்து, அது கூடாது, தோல்பைதான் என்று நீதிமன்றம் வரை போய்விட்டது. அழகர் திருமேனிக்கு மலையில் உள்ள நூபுர கங்கைத் தீர்த்தத்தில்தான் திருமஞ்சனம், வேறு நீர் பட்டால் கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் மதுரைக்கு வரும்போது கூடவே அந்தத் தீர்த்தமும் வருகிறது. தன் குடிநீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி! ஆனாலும் வழியில் ஏழை ஒருவன் ஆட்டுத்தோலில் சுமந்து வந்த தண்ணீர் குதிரை வாகனத்தின் மேல் சிதறும்போது, அவர் வேண்டாம் என்று சொல்லவா செய்கிறார்.

அவர் வரும் வேஷத்தையும் பாருங்கள். கண்டாங்கி, கொண்டை, கையில் வளைதடி. கள்ளர் திருக்கோலம். பாற்கடல் நாதன் நாட்டுப்புறத்தான் மாதிரி உடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார். தல்லாகுளத்துக்கு வந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை வந்து சேரும். அதைப் போட்டுக்கொண்டு தங்கக் குதிரை ஏறி ஆழ்வார்புரத்துக் கரையில் இறங்குவார். பச்சைப் பட்டா, சிவப்பா என்று ஊரே கழுத்தை நீட்டும். பச்சை என்றால் மழையும் விளைச்சலும் என்று இன்றைக்கும் பஞ்சு வியாபாரி சந்தோஷப்படுகிறார்.

எல்லாம் இனிப்பாகவே சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லோரும் போக முடிந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதிக்குப் பிறகுதான். வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டவர்கள் உள்ளே போனார்கள். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக, இவர்களில் பலருக்குக் கண்ணில் பட்ட சுவாமி ஆற்று மணலில் வந்த சுவாமிதான். இதைச் சொல்லி, பார்த்தீர்களா எங்கள் திருவிழா எவ்வளவு தாராளம் என்று மார்தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாசலை அடைத்தவர்கள் நாம். வெளியே வந்தவர் அவர். அந்தப் பெருமையில் நமக்குப் பங்கு இல்லை. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, எந்தத் தெரு வழியாகப் பல்லக்கு போகும் என்கிற வழக்குகள் தமிழ்நாட்டில் இன்னும் தீர்ந்தபாடில்லை. வடம் பிடிக்க எல்லாக் கையும் வேண்டும், ஆனால் மாலை வாங்க ஒரு கழுத்துத்தான் என்று வைத்திருக்கிறோம். கூட்டத்தைக் காப்பதிலும் குறை வைக்கிறோம். 2022-இல் ஆற்றில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் திரும்பவில்லை. இதையெல்லாம் விழா என்ற சொல்லுக்கு அடியில் தள்ளி மறைக்கக் கூடாது.

அந்த 2022-க்கு முந்தைய இரண்டு வருஷங்கள் ஞாபகம் இருக்கிறதா? 2020, 2021. கொரோனா. அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. கோயில் வளாகத்துக்குள்ளேயே எல்லாம் நடந்தது. மீனாட்சி கல்யாணத்தைப் பெட்டியில் பார்த்தோம். பெண்கள் வீட்டுக்குள் டி.வி. முன்னால் நின்று புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். மந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. படமோ கோயில் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பதைவிடத் தெளிவு. அம்மனின் மூக்குத்தி வரை தெரிந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்ரா பௌர்ணமி இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போனேன். எதிர் மாடியில் எதிர்வீட்டு அத்தை நின்றுகொண்டிருந்தாள். அதற்கு அடுத்த மாடியிலும் யாரோ. ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் ஆறு இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். வழக்கமாக அந்த நேரத்துக்கு அங்கிருந்து ஓர் இரைச்சல் வரும், கோவிந்தா என்றுகூடப் பிரித்துக் கேட்காது, கடல் மாதிரி ஒரு சத்தம். அன்றைக்குக் காக்கை சத்தம்தான். அத்தை கையில் சர்க்கரை நிரப்பிய ஒரு செம்பு இருந்தது, வாழையிலையால் மூடிக் கட்டி, மேலே சூடத்தோடு. ஆற்றுப் பக்கமாக ஏற்றிக் காட்டினாள். எங்களை நோக்கித் திரும்பி, "இந்த வருஷம் ரொம்பப் பிந்திட்டாரு" என்றாள்.

அந்தப் பேச்சில் அழகர் வராமல் போகவில்லை, பாருங்கள். பிந்திவிட்டார். தாமதமாக வருகிற அண்ணன் என்று நம் பாட்டிமார்கள் கட்டிய கதை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. பார்த்துவிட்ட நிம்மதியோடு கலைகிற கூட்டம் இது இல்லை. அண்ணனும் தங்கையும் இந்த வருஷமும் சந்திக்கவில்லை, கல்யாணச் சீர் இந்த வருஷமும் போய்ச் சேரவில்லை, அதனால் அடுத்த வருஷமும் அவர் கிளம்ப வேண்டும், நாமும் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஆழ்வார்கள் இதே ஏக்கத்தைத்தான் நாயகி பாவத்தில் பாடிப் பாடித் தீர்க்கப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தீரவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். திரும்பிப் போகும் வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன், அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வண்டியூர், கருட வாகனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், அப்புறம் பூப்பல்லக்கு. மலைக்குத் திரும்பியதும் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. புறப்படும்போது அவர் முன்னால் நகைக் கணக்கைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள். வந்ததும் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழிப்பார்கள். இத்தனை லட்சம் பேர் கண்ணும் பட்டிருக்கிறது அல்லவா? உலகத்தைக் காக்கிற பெருமாளுக்கே கண் பட்டுவிடும் என்று கவலைப்படுகிறது நம் ஊர். தெய்வத்தை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அந்தக் கவலை வரும்.

ஊரில் நாம் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருப்போம். செம்பில் நிரப்பிச் சூடம் காட்டிய சர்க்கரையை எங்கள் வீட்டில் வீணாக்கமாட்டோம். அதை டப்பாவில் கொட்டி வைத்து, வைகாசி பிறந்த பிறகும் காப்பியில் போட்டுக்கொண்டிருப்போம். காப்பி கொஞ்சம் சூட வாசனை அடிக்கும். இன்று காலையில் என் மருமகள் கொடுத்த காப்பியில் அந்த வாசனை இருந்தது. டப்பாவில் இன்னும் இரண்டு கரண்டி இருக்கிறதாம்.